ஆறாத புண்ணும் அபூர்வக் கிருமியும்

புண்ணிலிருந்து எடுத்த சீழ் ஆய்வகத்துக்கு வரும்போது அதனுடன் ஒரு சீட்டும் வரும். பெயர், வயது, எந்த வார்டு, என்ன பரிசோதனை என்பதற்கெல்லாம் அதில் கட்டங்கள் இருக்கும். அடியில் நோய் விவரம் எழுதுவதற்கென்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். புதுச்சேரியில் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இரண்டு வரி பெரும்பாலும் வெறுமையாகவே வரும். எழுதியிருந்தாலும் "வலது கையில் புண்" என்பதோடு நின்றிருக்கும். அந்தக் கை மீன் அரிந்த கையா, நாற்று நட்ட கையா, வீட்டு மீன் தொட்டியைக் கழுவிய கையா என்பது தெரிந்தால்தான், சீழை எந்த ஊடகத்தில் (கிருமி வளர்வதற்கான சத்துக் கலவையில்) இட்டு, எத்தனை டிகிரி வெப்பத்தில், எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்பதை நாங்கள் முடிவு செய்ய முடியும். வழக்கத்துக்கு மாறான பாக்டீரியாக்களால் தோலில் வரும் தொற்றுகளைப் பற்றிய இந்தக் கட்டுரை, ஏறக்குறைய அந்த இரண்டு வரியைப் பற்றியதுதான்.

முதலில் வழக்கமானவை எவை என்று பார்த்துவிடலாம். கட்டி, சிரங்கு, மயிர்க்காலில் வைக்கும் சீழ், தோலுக்கடியில் சிவந்து பரவி வீங்கும் செல்லுலைட்டிஸ் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களே காரணம். இரண்டும் மனித உடலோடு பழகியவை. முன்னது பலருடைய மூக்குக்குள்ளேயே எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் இரண்டும் ஒரே இரவில் செழித்து வளர்ந்துவிடும். ஆகவே புண்ணோடு வருபவருக்கு டாக்டர் பரிசோதனை எதுவும் எழுதாமல், இவ்விரண்டையும் மனத்தில் வைத்து, செஃபலெக்சினோ அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டோ கொடுத்து அனுப்புகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலோருக்கு ஐந்தாறு நாளில் புண் காய்ந்துவிடும். ஒவ்வொரு கட்டிக்கும் கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுத்துக்கொண்டிருந்தால் எந்த ஆய்வகமும் தாங்காது.

அப்படிக் காயாமல் நின்றுவிடும் சிலருடைய புண்ணில்தான் வேறு கிருமிகள் அகப்படுகின்றன. அவற்றை அபூர்வக் கிருமிகள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டதே தவிர, தம் இருப்பிடத்தில் அவை அபூர்வமானவை அல்ல. கழிமுகத்து உப்புநீர், வயற்சேறு, ஏரித் தண்ணீர், மீனின் மேல் படியும் வழவழப்பு, குழாய்க்குள் படியும் பாசி ஆகியவற்றில் இயல்பாக வாழ்பவை அவை. மனிதத் தோலுக்குள் வந்து சேர்வதுதான் அவற்றுக்கு அபூர்வம். கீறலில்லாத தோல் அவற்றை உள்ளே விடுவதில்லை. உலர்ந்த, சற்றே அமிலத்தன்மை கொண்ட மேல்தோலில் அவற்றால் தங்கவும் முடிவதில்லை. ஒரு முள்ளோ, கிளிஞ்சலின் விளிம்போ, சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியோ கதவைத் திறந்துவிட்டால்தான் உண்டு. கடலும் ஆறும் ஏரியும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அந்தக் கதவு நாள்தோறும் எத்தனையோ கைகளில் திறந்து மூடுகிறது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் போய் நின்றால், கூலிக்கு மீன் அரிந்து தரும் பெண்களின் விரல்களைப் பார்க்கலாம். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த தோல், செதில் கீறிய சின்னச் சின்னக் கோடுகள், கெளுத்தி முள் ஏறிய புள்ளி, இறால் தலையின் கொம்பு குத்திய இடம். எப்போது குத்தியது என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "முள்ளு குத்துறதெல்லாம் ஒரு கணக்கா சார், தினம் பத்துத் தடவ குத்தும்" என்றார். டாக்டரிடம் போனாலும் அவர் இதைச் சொல்லப் போவதில்லை. அன்றாடம் நடப்பதை யார்தான் ஒரு செய்தியாகச் சொல்வார்கள்?

இவ்வகைக் கைகளில் வரும் தொற்றுகளில் எரிசிபெலாய்டு என்பது தனி முகம் கொண்டது. எரிசிபெலோத்ரிக்ஸ் ருசியோபதியே என்ற பாக்டீரியா இதைத் தருகிறது. மீன், இறால், நண்டு ஆகியவற்றின் மேல் இருப்பது. பன்றிகளுக்கும் நோய் தருவது. முள் குத்தி இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் விரலிலோ புறங்கையிலோ கத்தரிப்பூ நிறத்தில், விளிம்பு தெளிவாக மேடிட்ட ஒரு தடிப்பு தோன்றும். பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும் வலி உயிர் போகும்; ஆனால் சீழ் இருக்காது, காய்ச்சலும் பெரும்பாலும் வராது. நடுப்பகுதி தெளிய, விளிம்பு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்கு இது எளிதில் அடங்கும். மருந்தில்லாமலே மூன்று நான்கு வாரங்களில் ஆறிவிடுவதும் உண்டு. இதயத்தின் வால்வைத் தாக்குவது மிக அரிது, ஆனால் நேர்ந்தால் கடுமையானது. இதில் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு: மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளுக்கென்று மருத்துவமனைகளில் எடுத்து வைத்திருக்கும் வான்கோமைசின் இதனிடம் செல்லாது. பெரிய மருந்து எல்லாவற்றையும் கொல்லும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சின்னக் கிருமியை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம்.

எரிசிபெலாய்டுக்குக் கல்ச்சர் எடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே தடவி எடுக்கும் பஞ்சுக் குச்சியில் இது வருவதில்லை, ஏனெனில் கிருமி தோலின் ஆழத்தில் இருக்கிறது. தடிப்பின் விளிம்பிலிருந்து துளி சதை எடுத்து அனுப்பினால்தான் பிடிபடும்.

இதற்கு நேர்மாறாக, வலியே இல்லாமல் மாதக்கணக்கில் இழுக்கும் தொற்று ஒன்று மீன் தொட்டியிலிருந்து வருகிறது. இதைத் தருவது மைக்கோபாக்டீரியம் மெரினம், காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் இதைப் பிரித்தெடுத்தார். மனிதர்களுக்கும் இது தோல் நோய் தரும் என்பது 1951இல் சுவீடன் நாட்டு நீச்சல் குளம் ஒன்றில் குளித்தவர்களிடம் கண்டறியப்பட்டது. நம் வீடுகளில் இன்று அந்த வாய்ப்பைத் தருவது கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி. கூழாங்கல்லைக் கையால் அலசும்போது முன்பே இருந்த ஒரு கீறல் வழியாக அது நுழைகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சில வேளைகளில் பல மாதங்கள் வரை எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு விரலில் ஒரு முடிச்சு எழும்பும், மெல்லப் புண்ணாகும். அங்கிருந்து முன்கை வழியே மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில முடிச்சுகள், மணி கோத்தது போல, நிணநீர்க் குழாயின் தடத்திலேயே எழும்பும். தொட்டியைக் கழுவி மூன்று மாதம் ஆகியிருக்கும். அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

இந்தக் கிருமி விரும்புவது 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம். 37 டிகிரியில் இது வளரவே தயங்கும். மீனின் உடலில் வாழப் பழகிய கிருமி வேறு எப்படி இருக்கும்? ஆகவேதான் இது உடலின் உள்ளுறுப்புகளை விட்டுவிட்டு, உடம்பிலேயே குளிர்ச்சியான கைவிரல்களிலும் முழங்கையிலும் முழங்காலிலும் தங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் நாங்கள் ஏமாறுவதற்கும் காரணம் இதுவே. சாதாரணச் சீழ்ப் பரிசோதனையில் சீழ் இட்ட ஊடகத் தட்டுகளை இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வளர்ச்சி இல்லை" என்று எழுதித் தட்டைக் கழித்துவிடுவோம். தட்டில் இருக்கும் மெரினத்துக்கோ வெப்பமும் பொருந்தவில்லை, ஊடகமும் பொருந்தவில்லை, காலமும் போதவில்லை. தனி ஊடகத்தில், 30 டிகிரியில், ஆறு வாரம் வரை பொறுத்திருந்தால் அது முளைத்து வரும். வெளிச்சம் பட்டால் மஞ்சள் நிறம் பூசிக்கொள்ளும். அது தெரிந்த பிறகு கிளாரித்ரோமைசின், எத்தாம்பியூட்டால், ரிஃபாம்பிசின் போன்றவற்றில் இரண்டைச் சேர்த்து மூன்று நான்கு மாதம், சில வேளைகளில் அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

மெரினம் மாதக்கணக்கில் நடந்து வருவது என்றால், விப்ரியோ வல்னிஃபிகஸ் மணிக்கணக்கில் ஓடி வருவது. காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இது, வெதுவெதுப்பான, ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்த கடல்நீரை விரும்புகிறது. கழிமுகங்களும் உப்பங்கழிகளும் அதற்கேற்ற இடங்கள். கிளிஞ்சல் கிழித்த காலோடு அத்தகைய நீரில் இறங்கிய ஒருவருக்கு, பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து மூன்று நாட்களுக்குள் அந்த இடம் சிவந்து வீங்கி, வலி தாங்க முடியாமல் போய், கருநீலமான இரத்தக் கொப்புளங்கள் எழும்பினால், அது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடிய புண் அல்ல. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு இது இந்த அளவுக்குப் போவது குறைவு. குடிப்பழக்கத்தாலோ மஞ்சள் காமாலைக் கிருமியாலோ ஈரல் கெட்டவர்களையும், சர்க்கரை நோயாளிகளையும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களையும் இது அடித்துப் போட்டுவிடும்; அவர்களுடைய இரத்தத்தில் கலந்துவிட்டால் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளினும் செஃப்டாசிடிம் போன்ற ஊசியும் சேர்த்து உடனே தொடங்க வேண்டும். அழுகிய சதையை அறுவை செய்து நீக்க வேண்டியும் வரலாம்.

நன்னீரில் இதே வேலையைச் செய்வது ஏரோமோனாஸ். ஏரி, ஆறு, வெள்ள நீர் எல்லாம் அதன் வீடு. அட்டையின் குடலிலும் அது வாழ்வதால், மருத்துவமனைகளில் அட்டை விட்டுச் சிகிச்சை செய்யும்போது முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துவிடுவார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது தேவனாம்பட்டினத்தில் தண்ணீர் எதையெல்லாம் உருட்டிக்கொண்டு வந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, அலையில் அடிபட்ட காயத்தில் மண்ணும் சாக்கடையும் உப்புநீரும் ஒன்றாக ஏறியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே அலையில் சிக்கிய தெற்குத் தாய்லாந்து மக்களின் காயங்களைச் சோதித்தபோது, வழக்கமான இரண்டு கிருமிகளைவிட ஏரோமோனாஸ் போன்ற நீர்வாழ் பாக்டீரியாக்களே முன்னே நின்றன. அத்தகைய காயத்தை உடனே தைத்து மூடிவிடாமல், நன்றாகக் கழுவித் திறந்து வைப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

கடலை விட்டுக் கழனிக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு, சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்யும், சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு ஆறாத கட்டியோடு காய்ச்சலும் நிற்காமல் அடித்தால், மெலியாய்டோசிஸ் என்ற பெயர் டாக்டரின் நினைவுக்கு வர வேண்டும். 1911இல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார்கள். நோயின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதால் இரண்டாம் பெயரையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை என்ற இதன் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோல் வழியாக நுழைந்து அங்கேயே ஒரு கட்டியாக நின்றுவிடலாம்; நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று போய் ஆங்காங்கே சீழ்க் கட்டிகளை உண்டாக்கவும் செய்யலாம். உள்ளே பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, உடல் தளரும் நேரம் பார்த்துத் தலைதூக்குவதும் உண்டு. காசநோய் என்று எண்ணி அதற்கான மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரிலிருந்தும் வேலூர் சி.எம்.சி.யிலிருந்தும் இந்நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் வெளிவந்திருக்கின்றன. ஆகவே இது நம்மூர் நோயும்தான்.

இங்கே என் தரப்புப் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டில் இந்தக் கிருமி வளர்ந்தாலும், அனுபவமில்லாத கண்ணுக்கு அது சூடோமோனாஸ் இனத்தின் ஏதோ ஒன்று போலத் தெரியும். தண்ணீரிலிருந்து தவறிக் கலந்தது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். மைக்ராஸ்கோப்பில் இரு முனையும் சாயமேறி நடுவே வெளுத்து, ஊக்குப் போலத் தெரிவதும், சில நாள் கழித்துத் தட்டில் சுருக்கம் விழுந்து காய்ந்த பூ போல ஆவதும் அதன் அடையாளங்கள். சீட்டில் "சர்க்கரை நோய், விவசாயி" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அந்தத் தட்டை இரண்டாம் முறை பார்க்காமல் கழிக்க மாட்டோம். மருந்தைப் பொறுத்தவரை, சாதாரணப் பெனிசிலினும் ஜென்டாமைசினும் இதனிடம் பயன்படுவதில்லை. செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் இரத்தக் குழாய் வழியாக ஏற்றி, அதன் பிறகு கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை ஏறத்தாழ மூன்று மாதமாவது தொடர வேண்டும். கட்டி வற்றியதும் மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும்.

தமிழ்நாட்டின் பெயரையே தாங்கி உலகம் முழுவதும் அறியப்பட்ட தொற்று ஒன்று உண்டு. 1842இல் மதுரையில் கில் என்ற ஆங்கில மருத்துவர் கவனித்து எழுதிய இது, பின்னர் மதுராக் கால் என்று பெயர் பெற்றது. மருத்துவப் பெயர் மைசிடோமா. முள் குத்திய வெறுங்காலில், வலியில்லாமல், ஆண்டுக்கணக்கில் வளரும் வீக்கம். புரையோடிய புண் என்று நாம் சொல்வோமே, அதன் அசல் வடிவம் இதுதான். பல துளைகள் வழியாகக் கசியும் நீரில் ரவை போன்ற சிறு குருணைகள் வெளிவரும். அந்தக் குருணையின் நிறத்தைப் பார்த்தே பாதி நோயறிதல் நடந்துவிடும். கறுப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், சோதித்தாக வேண்டும். பாக்டீரியாவால் வருவது மருந்துக்குப் பெரும்பாலும் மசியும், பூஞ்சையால் வருவது எளிதில் மசியாது என்பதால், காலை எடுப்பதா காப்பாற்றுவதா என்ற கேள்வி வரைக்கும் அந்தக் குருணை தீர்மானிக்கிறது. ஆகவே கட்டுத் துணியில் ஒட்டியிருக்கும் குருணையைத் துடைத்து எறியாமல் துணியோடு கொண்டுவருபவர் எங்களுக்குப் பேருதவி செய்கிறார்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊசி போட்ட இடத்திலோ, லேப்ராஸ்கோப்பி அறுவையின் சிறு துளையிலோ, எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ணிய சில வாரங்களுக்குப் பிறகு முடிச்சுக் கட்டிக் கசிந்தால், குழாய் நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் வகைகளைச் சந்தேகிக்க வேண்டும்; வழக்கமான காசநோய் மாத்திரைகள் அவற்றுக்குப் போதா. ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), நோயுற்றுச் செத்த விலங்கை உரித்தவரின் கையில் வலியில்லாத கரிய பொருக்காக வரும். சுற்றிலும் வீக்கம் மிகுதியாக இருக்கும். நாள் முழுக்க நனைந்த ஷூவுக்குள் இருக்கும் பாதத்தில், அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகளும் பொறுக்க முடியாத நாற்றமும் வந்தால் அதுவும் பாக்டீரியாவின் வேலையே. சேற்றுப்புண் என்று எண்ணிப் பூஞ்சைக் களிம்பு போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். இது ஆபத்தில்லாதது, பாதத்தை உலர வைத்து உரிய களிம்பு தடவினால் போதும்.

முள் குத்தினால் செய்ய வேண்டியது எளிது. ஓடும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் அந்த இடத்தைச் சில நிமிடம் கழுவி, உள்ளே துண்டு எதுவும் தங்கவில்லை என்று பார்த்துக்கொள்வதும், டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டோம் என்று நினைத்துப் பார்ப்பதும் போதுமானவை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடும் வழக்கம் துறைமுகத்தில் இன்றும் இருக்கிறது. ஆழமான துளையின் வாயை அது அடைத்துவிடுகிறது என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை மூன்று நாள் சாப்பிட்டு, கேட்கவில்லை என்று வேறொன்றை மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு வருபவரின் சீழில், கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகும். எனவே இரண்டாவது மருந்துக்கு மாறும் முன் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினாலும், காய்ச்சல் நிற்காவிட்டாலும், சிவப்பு மணிக்கு மணி ஏறினாலும், கொப்புளம் கறுத்தாலும் கல்ச்சரைப் பற்றிய யோசனையெல்லாம் பிறகு. முதலில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் சொல்லும்போது, புண் எப்போது வந்தது என்பதோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் அந்தக் கையும் காலும் எதிலெல்லாம் பட்டன என்பதையும் சொல்ல வேண்டும்: மீன், தொட்டி, சேறு, வெள்ளம், ஆடு மாடு, ஊசி. சர்க்கரையோ ஈரல் கோளாறோ இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதைச் சீட்டின் அந்த இரண்டு வரியில் எழுதித் தரும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அறிக்கை "வளர்ச்சி இல்லை" என்று வந்து, புண்ணும் ஆறாமல் இருந்தால், தட்டை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பதை மாதிரி எடுத்த தேதியையும் அறிக்கைத் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாள்தான் என்றால், புதிதாகத் திசு எடுத்து, மைக்கோபாக்டீரியத்துக்கான ஊடகத்தில் இரண்டு பங்காக இட்டு, ஒன்றை 37 டிகிரியிலும் மற்றொன்றை 30 டிகிரியிலும் ஆறு வாரம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.